கெல்டிக் வார்ப்புக் காசுகள்: எந்த வகைப்பாட்டைத் தேர்ந்தெடுப்பது?

தென்கிழக்கு இங்கிலாந்திலும் பிரான்சின் கிழக்கு, வடகிழக்குப் பகுதிகளிலும், சாம்பல் நிறத்தில், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிதாக, ஓரத்தில் எதிரெதிராக இரண்டு காம்புகள் துருத்திக்கொண்டிருக்கும் பழங்காசுகள் தொடர்ந்து கிடைத்து வருகின்றன. ரோமானிய ஆட்சி நிலைபெறுவதற்கு முன் அங்கு வாழ்ந்த கெல்டிக் மக்கள் அச்சடிக்காமல் உருக்கி வார்த்த காசுகள் இவை. நாணயவியலார் இவற்றைப் போட்டின் என்பார்கள். 2020ஆம் ஆண்டு மேற்கு லண்டனின் ஹில்லிங்டனில் அதிவேக ரயில் பாதைக்கான பணியின்போது 300க்கும் மேற்பட்ட போட்டின்கள் ஒரே இடத்தில் வெளிப்பட்டன. அப்படி ஒரு புதையல் கிடைத்தாலும், வயலில் ஒற்றைக் காசு கிடைத்தாலும், பதிவு செய்பவர் முன் நிற்கும் கேள்வி ஒன்றே: இதை எந்தப் பட்டியலின் எண்ணால் குறிப்பது?

பிரித்தானியப் போட்டின்களுக்கு மட்டும் ஐந்து வகைப்பாடுகள் புழக்கத்தில் உள்ளன. கடல் தாண்டிய கால்லியாவின், அதாவது இன்றைய பிரான்சு, பெல்ஜியம், சுவிட்சர்லாந்துப் பகுதிகளின் காசுகளுக்கு மேலும் மூன்று உள்ளன. இவற்றில் ஒன்று சரி, மற்றவை தவறு என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஒவ்வொன்றும் காசிடம் வெவ்வேறு கேள்வியைக் கேட்கிறது. சில, காசில் கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகமாகச் சொல்லிவிடுகின்றன. வார்ப்புக் காசுக்குப் பொருத்தமான கேள்வியைக் கேட்டு, தெரிந்த அளவோடு நிற்கும் வகைப்பாட்டையே முதலில் எடுக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. அதற்கான காரணம் இக்காசுகள் உருவான விதத்திலேயே இருக்கிறது.

அச்சடித்த காசு என்பது உலோக வில்லையை இரண்டு அச்சுகளுக்கு இடையில் வைத்துச் சுத்தியலால் அடித்து உருவாக்கப்படுவது. அடியின் வேகத்தில் உலோகம் விரிவதால் அதன் ஓரங்களில் வெடிப்புகள் தோன்றும். சித்திரம் கூர்மையாக இருக்கும். பல நேரங்களில் நடுவிலிருந்து விலகியும் இருக்கும். போட்டினில் இவை எதுவும் இராது. களிமண்ணால் செய்த இரட்டை வார்ப்பச்சுகளில் காசுக்குழிகளை வரிசையாக அமைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வாய்க்கால் வெட்டி, உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். உலோகம் குளிர்ந்ததும் காசுகள் ஒரு பட்டையாகக் கோத்தபடி வெளிவரும். பிறகு அவற்றை ஒடித்துப் பிரிப்பார்கள். எதிரெதிர் ஓரங்களில் நிற்கும் காம்புகள் அந்த வாய்க்காலின் மிச்சம். வார்ப்பச்சின் இரு பாதிகளும் சரியாகப் பொருந்தாத இடத்தில் காசின் இரு முகங்களும் படிபோல் விலகி நிற்கும்.

உலோகமும் இதையே சொல்கிறது. வெண்கலத்தில் வெள்ளீயத்தின் பங்கு கூடக்கூட அது வெளுத்து, கடினமாகி, நொறுங்கும் தன்மை பெறுகிறது. அதைச் சுத்தியலால் அடித்தால் விரியாமல் உடையும். அதே கலவை எளிதில் உருகி, களிமண்ணில் கீறிய மெல்லிய கோட்டுக்குள்ளும் பாய்ந்துவிடும். போட்டின்கள் உடைந்த துண்டுகளாக அடிக்கடி கிடைப்பதற்கும், உடைந்த இடத்தில் உட்புறம் சாம்பல் வெண்மையாகத் தெரிவதற்கும் இதுவே காரணம். இங்கே ஒரு குழப்பத்தையும் களைந்துவிடலாம். இங்கிலாந்தின் பிராகிங், செயின்ட் ஆல்பன்ஸ் போன்ற இடங்களில் கிடைத்த குழிகள் நிறைந்த களிமண் தட்டுகளைப் பலர் போட்டின் வார்ப்பச்சு என்று எண்ணிவிடுகிறார்கள். அவை அச்சடிக்கும் காசுகளுக்கான உலோக உருண்டைகளைத் தயாரிக்கப் பயன்பட்டவை. அவற்றில் சித்திரமும் இல்லை, ஒன்றையொன்று இணைக்கும் வாய்க்காலும் இல்லை.

வகைப்பாட்டைப் பொறுத்தவரை இதன் விளைவு பெரியது. அச்சடித்த காசுகளை வரிசைப்படுத்த நாணயவியலுக்கு வலுவான ஒரு கருவி உண்டு: ஒரே அச்சில் அடித்த காசுகளை இனங்கண்டு, ஒரு முன்பக்க அச்சு இரண்டு பின்பக்க அச்சுகளுடன் சேர்ந்து வருவதைக் கொண்டு, எது முந்தியது, எது பிந்தியது என்று சங்கிலியாக நிறுவிவிடலாம். கால்லியாவின் தங்க, வெள்ளிக் காசுகளுக்கு இந்த முறையைத்தான் கோல்பேர் தெ போலியூ 1973இல் விரிவாக வகுத்தார். களிமண்ணில் கையால் கீறிய வார்ப்பச்சுக்கு இது பொருந்தாது. காசை எடுக்க வார்ப்பச்சை உடைக்க வேண்டும். அடுத்த பட்டைக்குச் சித்திரத்தைப் புதிதாகக் கீற வேண்டும். ஒரே பட்டையிலுள்ள இரண்டு காசுகளுக்கும்கூடத் தனித்தனிக் கீறல்கள்தான். எனவே போட்டின்களை வரிசைப்படுத்த நமக்கு எஞ்சியிருப்பவை சித்திரத்தின் பாணி, எடை, உலோகக் கலவை, ஒரே புதையலில் சேர்ந்து கிடைத்தவை, அகழாய்வு அடுக்கு ஆகியவை மட்டுமே. இவற்றில் பாணிதான் எளிதாகக் கண்ணில் படுவது. எளிதாக ஏமாற்றுவதும் அதுதான்.

பிரித்தானியத் தொடரின் இரு முனைகளையும் அருகில் வைத்துப் பார்த்தால் இது விளங்கும். தொடக்கத்தில் நிற்பது, இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையிலுள்ள கென்ட் மாவட்டத்தின் பெயரால் இன்று கென்ட் முதன்மை வகை எனப்படும் தடித்த காசு. அதன் ஒரு பக்கத்தில் இடப்புறம் நோக்கிய, கிரேக்கக் கடவுள் அப்பல்லோவின் தலை. மறுபக்கத்தில் முட்டப் பாயும் காளை. காளையின் முதுகுக்கு மேல் மாசாலியா என்ற பெயரின் முதல் இரண்டு கிரேக்க எழுத்துகள். மாசாலியா என்பது இன்றைய மார்செய் நகரம். அங்கு வாழ்ந்த கிரேக்கர்களின் வெண்கலக் காசே இதற்கு முன்மாதிரி. ஆயிரம் கிலோமீட்டர் அளவு தொலைவிலிருந்த ஒரு துறைமுக நகரின் பெயர், அந்நகரோடு ஆட்சித் தொடர்பு ஏதுமில்லாத கென்டின் காசில் பதிந்திருப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. இந்த வகையில் தலைக்கும் காளைக்கும் உருட்சியான சதைப்பற்று இருக்கிறது; ஒரு மாதிரியைக் களிமண்ணில் அழுத்தி எடுத்ததைப் போன்ற தோற்றம் அது.

அடுத்து வருவது தட்டைக் கோட்டு வகை. இதில் உருட்சி முற்றிலும் மறைந்துவிடுகிறது. கூரிய முனை ஒன்றால் ஈரக் களிமண்ணில் நேரடியாகக் கீறிய கோடுகள், வார்த்த காசில் மேடுகளாக எழுந்து நிற்கின்றன. தலை என்பது ஒரு வளைகோடும் கண்ணுக்கான புள்ளியும் ஆகிவிடுகிறது. காளையின் உடல் ஒரு பெட்டியாகவும், கால்களும் வாலும் கொம்பும் தனித்தனிக் கோடுகளாகவும் பிரிந்துவிடுகின்றன. முன்மாதிரியை அறியாத ஒருவர் அதில் காளையைக் காண்பது கடினம். இந்த வகையின் பிற்காலத் தொகுதியில் காசு இன்னும் சிறிதாகி, எடை குறைந்து, சித்திரமும் மேலும் சுருங்கிவிடுகிறது.

இந்தத் தட்டைக் கோட்டு வகைக்கு முதன்முதலில் முழுமையான ஒழுங்கைத் தந்தவர் டெரெக் ஆலன். 1971இல் அவர் வெளியிட்ட வகைப்பாடு, ஆங்கில அகரவரிசைப்படி ஏ முதல் எல் வரை முதல் தொகுதி, எம் முதல் பி (P) வரை இரண்டாம் தொகுதி என்று அமைந்தது. இதன் சிறப்பு எளிமை. கண்ணின் வடிவம், கழுத்தின் கோடு, காளையின் கால்கள் எனக் காசில் பார்க்கக்கூடிய கூறுகளையே அது கேட்கிறது. காசை வார்த்த இனக்குழுவின் பெயரோ ஆண்டோ அந்த எழுத்துக்குள் ஒளிந்திருக்கவில்லை. 1971க்குப் பின் எழுதப்பட்ட அகழாய்வு அறிக்கைகள் பெரும்பாலும் ஆலனின் எழுத்துகளையே பயன்படுத்துவதால், பழைய கண்டெடுப்புகளோடு ஒப்பிட விரும்புபவர் இதைத் தவிர்க்க முடியாது.

ஆனால் அவருக்குக் கிடைத்த காசுகள் குறைவு. உலோகமறிகருவிகள் பரவலான பிறகு கென்டில் கிடைத்த பெருந்திரளான காசுகள் அவர் பார்வைக்கு வந்தவை அல்ல. அதைவிட முக்கியமான குறை, எழுத்து வரிசை காலவரிசையாக வாசிக்கப்படுவது. உயிரோட்டமான சித்திரம் படிப்படியாகச் சிதைந்து கோடுகளாகிறது என்ற ஊகம் அதன் அடியில் இருக்கிறது. தொடரின் இரு முனைகளுக்கு அது பொருந்தும். நடுவிலுள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் பொருந்தும் என்று கொள்ள முடியாது. கையால் கீறும் வேலையில் ஒரே காலத்தில் ஒரே ஊரில் ஒருவர் நிதானமாகவும் இன்னொருவர் அவசரமாகவும் கீறியிருக்கலாம். எனவே ஆலனின் எழுத்தைப் பெயராகக் கொள்ளலாம். காலமாகக் கொள்ளக் கூடாது.

வான் ஆர்ஸ்டெலின் 1989ஆம் ஆண்டுப் பட்டியல் பிரித்தானியக் கெல்டிக் காசுகள் அனைத்துக்கும் ஒரே எண் வரிசை தந்தது. வணிகர்களும் சேகரிப்பாளர்களும் அதை உடனே ஏற்றுக்கொண்டார்கள். இன்றும் விற்பனைக் குறிப்புகளில் அந்த எண்களைக் காணலாம். என் மதிப்பீட்டில் போட்டின்களுக்கு இதை முதன்மை எண்ணாகக் கொள்வது பொருத்தமற்றது. அதன் எண்கள் குழுவாரியாகப் பகுக்கப்பட்டவை. தட்டைக் கோட்டு வகைக்கு 100களில், அதாவது கென்டில் வாழ்ந்த கென்டியர் குழுவின் பகுதியில் எண் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்னோடியான காளைக் காசுக்கு 1402 முதலான எண்கள், தேம்ஸ் ஆற்றுக்கு வடக்கே வாழ்ந்த குழுக்களின் பகுதியில் கிடைத்தன. 1987இல் எசெக்ஸ் மாவட்டத்தின் தரக்கில் சுமார் 2000 காசுகள் கொண்ட புதையல் வெளிவந்ததும், அந்தக் காசுக்குத் தரக் வகை என்ற பெயர் நிலைத்ததும் அக்காலத்தில்தான். பின்னர் கென்டில் தனித்தனியாகக் கிடைத்த காசுகளின் பரவலைப் பார்த்தபோது அதன் பிறப்பிடம் கென்ட் என்பது தெளிவாயிற்று. புதையல் என்பது யாரோ ஒருவர் ஒரு நாள் ஓரிடத்தில் வைத்தது. காசு எங்கே வழங்கியது என்பதை வயல்களில் சிதறிக் கிடப்பவையே நன்றாகக் காட்டுகின்றன. ஒரே மரபின் தாயும் சேயும் இரண்டு குழுக்களின் எண்களில் பிரிந்து நிற்பது இந்தப் பட்டியலில் நிரந்தரமாகிவிட்டது. சில ஆண்டு இடைவெளிக்குள் குறுக்கித் தரப்பட்ட அதன் காலக் கணிப்புகளையும், சான்று தாங்கும் அளவைவிட நுணுக்கமானவை என்பதால், அப்படியே எடுத்தாளக் கூடாது.

ரிச்சர்டு ஹாப்ஸ் 1996இல் வெளியிட்ட பிரித்தானிய அருங்காட்சியகப் பட்டியலை இங்கே சுருக்கமாகவே குறிப்பிட வேண்டும். அதன் எண் ஒரு வகையைக் குறிப்பதில்லை. அந்த அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு குறிப்பிட்ட காசைக் குறிக்கிறது. உங்கள் காசு அதைப் போன்றது என்று சொல்ல உதவும். படங்களும் எடைகளும் நம்பகமானவை; ஒப்பிட்டுப் பார்க்கச் சிறந்த துணை. வகைப்பாடாகப் பயன்படுத்த அது எழுதப்படவில்லை.

2010இல் காட்டம், டி ஜெர்சி, ரட், சில்ஸ் ஆகிய நால்வரும் சேர்ந்து வெளியிட்ட பட்டியல், ஏபிசி என்ற சுருக்கப்பெயரால் அறியப்படுவது, இன்று பொதுப் பயன்பாட்டின் தரமாகிவிட்டது. போட்டின் தொடர் முழுவதையும் அது கென்டியப் பகுதியிலேயே சேர்த்துவைத்தது. வான் ஆர்ஸ்டெலில் நேர்ந்த பிரிவினை இதில் இல்லை. ஆக்ஸ்போர்டில் 1960களின் தொடக்கத்திலிருந்து கட்டிவந்த கெல்டிக் காசுக் குறியீட்டுத் தொகுப்பின் இணையவழித் தரவுத்தளமும் ஏபிசி எண்களையே அடிப்படையாகக் கொண்டுள்ளதால், ஓர் எண்ணை எழுதினால் உலகின் எந்த மூலையிலிருந்தும் அதைத் தேடிக் கண்டடையலாம். குறை என்னவென்றால், பெருங்கடலைப் போன்ற தட்டைக் கோட்டு வகையை அது சில பொதுவகைகளில் அடக்கிவிடுகிறது. ஒரு காசை அடையாளப்படுத்த அது போதும். ஒரு புதையலின் உள்ளமைப்பை ஆராயப் போதாது.

அந்த வேலைக்கு டேவிட் ஹோல்மனின் வகைப்பாடு இருக்கிறது. கென்டின் இரும்புக்காலக் காசுகளைப் பல்லாண்டுகளாகப் பதிவு செய்துவந்த அவர், தட்டைக் கோட்டு வகைக்கான புதிய வகைப்பாட்டைப் பிரித்தானிய நாணயவியல் ஆய்விதழில் 2016இல் வெளியிட்டார். ஆலனுக்குப் பின் சேர்ந்த திரளான காசுகளைக் கொண்டு, அவருடைய பிரிவுகளை மிக நுண்ணிய துணைப்பிரிவுகளாக விரித்தது இது. தலையின் கோடு எந்தப் பக்கம் திறந்திருக்கிறது, கண் எப்படி அமைந்திருக்கிறது, காளையின் வால் எங்கிருந்து எழுகிறது என்ற அளவுக்குக் கூர்ந்து பார்க்கச் சொல்கிறது. கையால் கீறிய காசுகளுக்கு, கீறிய கையின் பழக்கத்தைப் பின்தொடரும் இந்த முறையே இயல்பானது. அச்சுத் தொடர்பு இல்லாத இடத்தில் அதற்கு மிக அருகில் வரக்கூடியது இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அது நல்ல நிலையிலுள்ள காசைக் கேட்கிறது. களிம்பேறித் தேய்ந்து, பாதி முகம் மட்டும் தெரியும் காசை ஹோல்மனின் துணைப்பிரிவு ஒன்றுக்குள் வலிந்து திணித்தால், தரவுத்தளத்தில் பொய்யான துல்லியம் ஏறிவிடும். பிற்பாடு வருபவர் அந்த எண்ணை நம்பிப் பரவல் வரைபடம் வரைவார். கண் தெரியாத காசில் கண்ணை வைத்து வகை சொல்ல முடியாது. அத்தகைய காசுக்கு ‘தட்டைக் கோட்டு வகை, முதல் தொகுதி’ என்று எழுதி நிறுத்துவதே நேர்மை.

கால்லியாவின் காசுகளுக்கு வந்தால் நிலைமை வேறு. அங்கே போட்டின் ஒரு மரபு அல்ல, வெவ்வேறு இனக்குழுக்களின் பெயரால் அறியப்படும் பல மரபுகள். பெரிய தலையும் எளிமையாக்கிய காளையும் கொண்ட, வழக்கமாகச் செக்வானியருக்கு உரியதாகச் சொல்லப்படும் காசு; காட்டுப்பன்றி பொறித்த லூச்சியர் காசு; ஈட்டியேந்தி நடக்கும் வீரனைக் காட்டும் ரேமியர் காசு; இரட்டை நங்கூரம் போன்ற உருவம் கொண்ட, சூரிச் நகரின் பெயரால் அறியப்படும் காசு என்று அவை விரிகின்றன. சூரிச்சில் 1890இல் கிடைத்த, ஆயிரக்கணக்கான போட்டின்கள் உருகி ஒட்டிக்கொண்ட பெருங்கட்டிகள் இந்த உலோகத்தின் தன்மையை ஒரே பார்வையில் உணர்த்துபவை.

இவற்றுக்கு இன்றளவும் அதிகமாக எழுதப்படும் எண் லா தூருடையது. 1892இல் வெளிவந்த அவருடைய 55 படப்பலகைகள் பாரிசின் தேசிய நூலகச் சேகரிப்பிலுள்ள காசுகளை அதே சேகரிப்பு எண்களோடு காட்டுகின்றன. ஹாப்ஸைப் போலவே இதுவும் தனிக்காசின் எண்தான். மேலும் அவை நிழற்படங்கள் அல்ல, கோட்டோவியங்கள். தேய்ந்த காசைத் தெளிவாக்கிக் காட்ட விழைந்த ஓவியரின் கை அவற்றில் உண்டு. மங்கலான போட்டின் ஒன்றை அந்த ஓவியத்தோடு ஒப்பிடும்போது, இல்லாத கோட்டைக் கண் தானாகவே நிரப்பிக்கொள்ளும். சிமோன் ஸ்கேர்ஸ் 1977இல் கால்லியாவின் வடபகுதியான பெல்ஜியக் கால்லியாவுக்குச் செய்த வகைப்பாடு இதைவிடப் பன்மடங்கு மேலானது: ஒவ்வொரு வகையையும் வகுப்புகளாகப் பிரித்து, கிடைத்த இடங்களோடு இணைத்தார். ரேமியரின் வீரன் காசு லா தூரில் 8124 என்றால் ஸ்கேர்ஸில் 191ஆம் வகை. ஆனால் வடபகுதிக்கு வெளியே அது உதவாது. 2002 முதல் 2008 வரை நான்கு தொகுதிகளாக வந்த தெலெஸ்த்ரே, தாஷ் இருவரின் புதிய பட்டியல் முழு கால்லியாவையும் நிழற்படங்களோடு, நிலப்பகுதி வாரியாகத் தருகிறது. தேர்ந்தெடுக்க ஒன்றே ஒன்று என்றால் இதையே எடுக்கலாம். பழைய குறிப்புகளோடு இணைக்க லா தூர் எண்ணைப் பக்கத்தில் எழுதலாம். வடக்கத்திய காசானால் ஸ்கேர்ஸின் எண்ணையும் வகுப்பையும் சேர்க்கலாம்.

குழுப்பெயர் பற்றி இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். செக்வானியர் காசு என்று பட்டியல்கள் சொல்லும் பெருந்தலைப் போட்டின், அவர்களுடைய அண்டை இனமான எடுவியரின் தலைநகர் பிப்ராக்டேயின் அகழாய்வுகளிலும் ஏராளமாகக் கிடைக்கிறது. காசில் எழுத்தில்லை, அதை வார்த்தவர் யார் என்று சீசரின் நூலிலுள்ள இனப்பெயர்களைக் கொண்டு முடிவு செய்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டினர். ‘பெருந்தலை வகை, வழக்கமாகச் செக்வானியருடையது எனப்படுவது’ என்று எழுதினால் தேடுபவருக்கும் கிடைக்கும், தவறான உறுதியும் சேராது. காலத்துக்கும் இதே எச்சரிக்கை வேண்டும். பிரித்தானியப் போட்டின்கள் சீசரின் படையெடுப்பையொட்டியும் அதற்குப் பின்னரும் தோன்றியவை என்ற பழைய கருத்து, அகழாய்வு அடுக்குகளாலும் பிற புதையல்களாலும் மாறிவிட்டது. காளைக் காசின் தொடக்கம் இன்று கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும், தட்டைக் கோட்டு வகையின் தொடக்கம் ஏறத்தாழ கி.மு. 100ஐ ஒட்டியும் வைக்கப்படுகின்றன. பழைய பட்டியலின் எண்ணை எடுத்தாலும் அதன் ஆண்டை எடுக்கக் கூடாது.

ஆக, ஒரு காசு மட்டும் கையில் வைத்திருக்கும் கண்டெடுப்பாளர் ஏபிசி எண்ணை முதலிலும், தெளிவாகத் தெரிந்தால் ஆலனின் எழுத்தை அடுத்தும் எழுதலாம். அவருக்கு வேறெதுவும் கட்டாயமில்லை. சிறிய அருங்காட்சியகம் தன் பழைய அட்டைகளில் உள்ள வான் ஆர்ஸ்டெல் எண்களை அழிக்காமல், அவற்றின் அருகில் ஏபிசி எண்ணைச் சேர்க்க வேண்டும். பழைய எண் தவறான இடத்தில் இருந்தாலும், அந்தக் காசு எப்போது, எந்தக் கருத்தோடு பதியப்பட்டது என்பதற்கு அதுவும் ஓர் ஆவணம். புதையலை ஆராய்பவருக்கு ஹோல்மனைத் தவிர வேறு வழியில்லை. ஒவ்வொரு காசின் துணைப்பிரிவும் தெரிந்தால்தான் அது ஒரே நேரத்தில் வார்த்த தொகையா, நாளடைவில் சேர்த்ததா என்று பேச முடியும்.

எந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன்பே பதிவில் இருக்க வேண்டியவை சில உண்டு: பத்தில் ஒரு பங்கு கிராம் அளவுக்காவது துல்லியமான எடை, விட்டம், இரு முகங்களின் நிழற்படம், உடைந்த இடத்தில் தெரியும் உலோகத்தின் நிறம், கிடைத்த இடம். இவற்றோடு பலரும் விட்டுவிடும் ஒன்றையும் சேர்க்க வேண்டும்: காம்புகள் சித்திரத்தின் எந்தத் திசையில் நிற்கின்றன என்பது. தலைக்கு மேலும் கீழுமா, முகத்துக்கும் பிடரிக்கும் பக்கத்திலா? பட்டையில் காசுகளை எந்த வாக்கில் கீறினார்கள் என்பது அதிலிருந்துதான் தெரியும். பிரியாமல் ஒட்டிய இணைக் காசு கிடைத்தால் அதைத் தனியாகப் படமெடுக்க வேண்டும். ஒரே பட்டையில் இரண்டு கீறல்கள் எவ்வளவு வேறுபடக்கூடும் என்பதை அளக்க அதுவே நேரடிச் சான்று. காம்பை அழகுக்காக அரத்தால் தேய்த்துவிட்ட காசுகள் பழைய சேகரிப்புகளில் உண்டு. அவற்றில் ‘காம்பு நீக்கப்பட்டது’ என்று குறிப்பிட வேண்டும். வார்ப்புத் தழும்பு இருப்பதால் மட்டும் காசு பழையதாகிவிடாது, இன்றைய போலிகளும் வார்த்தவையே என்பதால், எடையும் உலோக நிறமும் களிம்பின் இயல்பும் ஒத்துவராத காசுக்கு வகை எண் எதையும் கொடுக்காமல் ‘ஐயத்துக்குரியது’ என்று மட்டும் எழுதி, படத்தோடு தனியாக வைக்க வேண்டும்.